கரண்ட் போனால் அப்பா இருக்கிறார்

ஐப்பசி 17, திங்கள்

விடியும் முன்பிருந்தே மழை. பெரிய மழை இல்லை, விடாத மழை. பால் வாங்கக் கீழே போனேன். குடையை விரிப்பதற்குள் மேலே பீப் பீப். பாதிப் படி ஏறுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஏறுவதா இறங்குவதா தெரியாமல் நடுப்படியில் நின்றேன். இப்போதெல்லாம் அந்த இடத்தில்தான் அதிகம் நிற்கிறேன்.

நான் பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. மளிகைச் சாமான் சொல்வதற்காக மருமகள் ரேவதி காட்டிக்கொடுத்தது. எனக்குப் பெயரை மட்டும் போடத் தெரியும், அதுவும் படம் வரைகிற மாதிரி. இது என்ன எழுதுகிறதோ எனக்கே தெரியாது. நானே படிக்க முடியாததை யாருக்கு ஒளிக்க வேண்டும்.

என் அறையில் இருப்பவை: கட்டில். டிரங்குப் பெட்டி. வீட்டுக்காரி பாக்கியத்தின் படம், மாலை வாடியிருக்கிறது, மாற்ற வேண்டும். அப்புறம் மிஷின்.

மிஷினை என் மகன் செந்தில் சர்வர் என்பான். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை சின்னச் சின்ன ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு அவன்தான் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கிறான். எங்கே யார் கையில் ஊசி குத்தினாலும் அந்த ரிப்போர்ட் என் தலைமாட்டில் வந்து உட்காருகிறது. முன்பு வெளியே எங்கோ வாடகைக்கு வைத்திருந்தான். கட்டுப்படி ஆகவில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். எங்கள் முடிச்சூரில் கீழ்த்தளத்தில் வைத்தால் ஒரு மழைக்கே தண்ணீர் குடிக்கும். மாடியில் இருப்பது ஒரே அறை. அது என் அறை.

மிஷினுக்கு ஏ.சி. எனக்கு ஸ்வெட்டர். ஜன்னல் திறக்கக் கூடாது.

என் வேலை: கரண்ட் போனால் யூ.பி.எஸ். கத்தும். பேட்டரி பழசு, கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குள் இறங்கிப் போய், படிக்கட்டுக்கு அடியில் மேடை கட்டி வைத்திருக்கும் ஜெனரேட்டரைக் கிளப்பி, வீட்டை ஜெனரேட்டர் பக்கம் மாற்றுகிற சேஞ்ச் ஓவர் கைப்பிடியைத் தள்ள வேண்டும். செந்தில் பகலெல்லாம் லேப் லேப்பாகப் பைக்கில். ரேவதி பள்ளிக்கூட டீச்சர். ஆகவே நான் தெருமுனையைத் தாண்டுவதில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. "எங்கப்பா போயிருந்தீங்க?" என்று மட்டும் கேட்பான்.

மத்தியானம் மேரி போன். ஆரோக்கியத்தின் மகள். ஆரோக்கியமும் நானும் மறைமலை நகரில் ஒரே பிரஸ் ஷாப், இரும்புத் தகடு அடிக்கிற வேலை, பக்கத்துப் பக்கத்து மிஷின். இப்போது அவன் கேளம்பாக்கத்தில் மகள் வீட்டில் படுத்திருக்கிறான். இரண்டு கிட்னியும் போய்விட்டது.

"அங்கிள், அப்பா உங்களத்தான் கேட்டுக்கினே கீறாரு. ஒரு வாட்டி வந்துட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க."

கடைசி வார்த்தையை அவள் மெதுவாகச் சொன்னாள். புரிந்தது. வருகிறேன் என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் செந்திலிடம் கேட்டேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே, "மழை விடட்டும்பா. நாளைக்கு ஷீலா மேடம் வராங்க. மிஷினை ஒரு வழி பண்ணிட்டா அப்புறம் நீங்க எங்க வேணா போலாம்" என்றான்.

வாங்க வேண்டியது: மாலை. வெந்தயம். கொசுவத்தி.

ஐப்பசி 18, செவ்வாய்

காலை பத்து மணி வாக்கில் வழக்கமான கூத்து. எல்லா லேப்பும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் ஏற்றுகிற வேளை. மிஷின் உள்ளே கரகரவென்று சத்தம், பல் வலிக்காரன் மாதிரி. செந்தில் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பெருங்களத்தூர் லேப்காரன்: "இன்னா சார், சுத்திகினே கீது! பேஷண்ட்டுங்க என்னைச் சுத்திகினு கீறாங்க!"

ஷீலா மேடம் வந்தார்கள். ஸ்கூட்டியில், மழைக்கோட்டோடு. நாற்பது சொச்சம் வயது. பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு இப்போது தனியாக இந்த வேலை. அறையில் நாற்காலி இல்லை, என் கட்டிலில் உட்கார்ந்தார்கள். உட்காரும் முன் "உக்காரலாமா ஐயா?" என்று கேட்டார்கள். இந்த அறையில் என்னை யாரும் ஒன்று கேட்டு ரொம்ப நாளாயிற்று.

மிஷினில் காதை வைத்துக் கேட்டார்கள். "டிஸ்க்கு அழுவுது செந்தில். இது சுத்துற டிஸ்க்கு. ஒவ்வொண்ணையும் எழுத ஊசி அங்க ஓடி இங்க ஓடணும். மெமரியும் பத்தல. அடிக்கடி கேக்கறதைக் கைக்கெட்டற மாதிரி வெச்சுக்க இடமே இல்ல, எதைக் கேட்டாலும் டிஸ்க்குக்கு ஓடுது."

என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: "மெமரின்னா ஞாபகம் ஐயா. ஆனா கரண்ட் போச்சுன்னா அத்தனையும் மறந்துடும்."

கொடுத்து வைத்த மிஷின்.

அவர்கள் சொன்ன சாமான்கள், அதே வரிசையில்: மெமரி கூட்டணும். சுத்தாத டிஸ்க், ஜோடியாக, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும், ஒன்று செத்தால் மற்றது இருக்கும். பெரிய யூ.பி.எஸ்., பேட்டரி தீரப் போகிறது என்றால் மிஷினுக்கே சொல்லி ஒழுங்காகப் படுக்க வைத்துவிடும். கடைசியாக, கரண்ட் போனால் தானே ஜெனரேட்டரைக் கிளப்பித் தானே மாற்றிக்கொள்ளும் பெட்டி. ஆள் வேண்டாம்.

ஆள் வேண்டாம். காதில் தேன்.

செந்தில் தலையைச் சொறிந்தான். "எல்லாம் ஒரே நேரத்துல முடியாது மேடம். பாதி இப்போ, பாதி அப்புறம்."

"அப்ப எதை முதல்ல? இப்போ கரண்ட் போனா என்ன பண்றீங்க?"

"அப்பா இருக்காரே."

அவர்கள் சிரித்தார்கள். "அப்பாவும் ஹார்டுவேர்ல சேர்த்தியா?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த வயசுல, இந்தப் படில... பாவம், முடியுமா செந்தில்? நாளைக்கு ஒரு டெஸ்ட் வெச்சுப் பாத்துடுவோம். அதை வெச்சு முடிவு பண்ணலாம்" என்றார்கள்.

பாவம் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

இட்லி மிச்சம். சாயந்திரம் உப்புமா ஆயிற்று.

ஐப்பசி 19, புதன்

மழை இல்லை. வானம் மூடியிருந்தது.

முட்டாள். முட்டாள். முட்டாள்.

வரிசையாகச் சொல்கிறேன். மத்தியானம், லேப்களில் வேலை ஓய்ந்த நேரம். ஷீலா மேடம் முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்தார்கள். செந்தில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில். நான் கட்டிலில். அவர்கள் கையில் போன், போனில் ஸ்டாப் வாட்ச் ஓடத் தயாராக.

அந்த வாட்சைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. அதுதான் கொடுமை.

பிரஸ் ஷாப்பில் வருடத்துக்கு ஒரு முறை வாட்ச்காரர் வருவார். கையில் அட்டை, கழுத்தில் ஸ்டாப் வாட்ச். ஒரு பீஸ் அடிக்க எவ்வளவு நேரம் என்று பார்ப்பார். அன்றைக்கு நாம் அடிக்கிற வேகம்தான் வருடம் முழுக்கச் சட்டம். நான் சேர்ந்த புதிது, மெச்சுவார் என்று நினைத்துக் கிடுகிடுவென்று அடிக்கப் போனேன். பக்கத்து மிஷினிலிருந்து ஆரோக்கியம் என் காலை மிதித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, "வாட்ச் வந்தா கை தானா ஸ்லோ ஆவணும்டா. நீ இப்போ ஓடினா நாங்க எல்லாரும் ரிட்டயர் ஆவற வரைக்கும் ஓடணும்" என்றான். ஸ்பேனரைக் கீழே போடுவான். எண்ணெய்க் கையைத் துடைப்பான், ஒவ்வொரு விரலாக. மூக்கைச் சிந்துவான். வாட்ச்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதன் இடது காதுக் கம்பியில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நூல் வரைக்கும்.

ஞாபகம் இருந்து என்ன. மெயின் போயிற்று, பீப் கத்தியது, ஓடினேன். படியைத் தாவி, பெட்ரோல் காக்கைத் திருப்பி, சோக்கை இழுத்து, ஒரே இழுப்பில் கயிறு, ஜெனரேட்டர் பிடித்தது, கைப்பிடியைத் தள்ளினேன். மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம். நேராக நின்றேன், மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு. பாவமாம்.

செந்தில் கை தட்டினான். "அப்பா, செம!"

ஷீலா மேடம் வாட்சைப் பார்த்தார்கள். "பேட்டரில இன்னும் பாதி மிச்சம். எதிர்பாக்கல. சரி செந்தில், அப்ப பணத்தை டிஸ்க்குலயும் மெமரிலயும் போடுங்க. யூ.பி.எஸ்., ஆட்டோ பெட்டி அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம்.

ஐப்பசி 20, வியாழன்

முட்டி வீங்கியிருக்கிறது. தைலம். ரேவதி பார்த்துவிட்டு, "யாரு மாமா உங்களை ஓடச் சொன்னது?" என்றாள். யாரும் சொல்லவில்லை.

கரண்ட் இரண்டு தடவை போனது. இரண்டு தடவையும் இறங்கினேன்.

ஐப்பசி 21, வெள்ளி

சாமான்கள் வந்தன. மெமரி என்பது பஸ் பாஸ் அளவுக்கு ஒரு பச்சைப் பட்டை. டிஸ்க் அதைவிடச் சின்னது, சூயிங்கம் மாதிரி. இவ்வளவு ஊர் ரத்தமும் அதற்குள் அடங்குமாம்.

மிஷினை நிறுத்தினார்கள். அப்பா. என்ன ஒரு அமைதி. ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள், வெளிச்சத்துக்காக. மூன்று வீடு தள்ளி யாரோ துணி துவைக்கிற சத்தம் வரை கேட்டது. என் கட்டிலில் பழைய பெட்ஷீட்டை விரித்து, மிஷினைக் கவிழ்த்துப் போட்டு, வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. என் ஸ்வெட்டர் நூலும் இருந்தது.

மிஷின் செத்துக் கிடக்கும்போது எனக்கு என்ன வேலை? உடனே கேட்டேன்: "செந்தில், இப்ப போயிட்டு வந்துடட்டுமா? கேளம்பாக்கம்?"

"ரெண்டு மணி நேரத்துல ஆன் பண்ணிடுவோம்பா. நீங்க வண்டலூர் தாண்டறதுக்குள்ள அது ஓடிட்டிருக்கும்."

ரேவதி சாயந்திரம் வந்ததும் புதுச் சாமான் என்று குங்குமத்தோடு வந்துவிட்டாள். வைத்த இடம் காற்றுப் போகிற ஓட்டை. ஷீலா மேடம் பதறி, "அக்கா, மூக்குல வெக்காதீங்க, நெத்தில வைங்க!" என்றார்கள். ரேவதி மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்கு நெத்தி எதும்மா?" எல்லாரும் சிரித்தோம். நானும். அந்த நேரத்துக்கு நன்றாக இருந்தது.

மிஷின் மறுபடி ஓடியது. கரகர இல்லை. ஃபேன் மட்டும். ஜன்னலை மூடினார்கள்.

ஐப்பசி 22, சனி

காலைக் கூத்து இல்லை. பெருங்களத்தூர்க்காரன் போன் செய்து, "சூப்பர் சார், சும்மா பறக்குது" என்றான். செந்திலுக்கு முகமெல்லாம் பல். இன்னும் நாலைந்து லேப் சேரப் போகிறதாம். கேளம்பாக்கத்தில் ஒன்று ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஆரோக்கியத்துக்கு ரத்தம் எடுப்பதாக மேரி சொன்ன லேப் அதுதான். அப்படியானால் ஆரோக்கியத்தின் ரத்தம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நான்தான் அவன் பக்கத்தில் போகவில்லை.

ஒரு குறை இன்னும் இருக்கிறதாம். சேமிக்கும்போது கொஞ்சம் இழுக்கிறது. அதற்கு ஒரு வழி உண்டு, ஷீலா மேடம் செய்ய யோசிக்கிறார்கள். அவர்கள் பேசுவதைப் படிக்கட்டில் நின்று கேட்டேன்.

"அந்த செட்டிங் போட்டா, டிஸ்க்குல எழுதறதுக்கு முன்னாடியே 'எழுதிட்டேன்'னு சொல்லிடும் செந்தில். வேகம் வரும். ஆனா அந்த நேரத்துல பவர் போச்சுன்னா, சொன்னது பொய்யாயிடும். கடைசியா வந்த ரிப்போர்ட்டெல்லாம் காணாம போகும். பவர்ல சந்தேகமே இருக்கக் கூடாது."

"அதான் அப்பா இருக்காரே மேடம். பாத்தீங்கல்ல."

"அன்னைக்கு அவர் தயாரா உக்காந்திருந்தாரு. தெரியாம ஒரு வாட்டி பாக்கணும். நாளைக்குக் காலைல, லேப்பெல்லாம் லீவு. அவர்கிட்ட சொல்லாதீங்க."

வாட்ச்காரர் எந்த நாள் வருவார் என்பதை மேனேஜரும் எங்களிடம் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியாமலும் இருந்ததில்லை.

ஆரோக்கியத்துக்குப் போன் போட்டேன். மேரி அவன் காதில் வைத்தாள். குரல் ஓட்டைப் பானை மாதிரி. ஆனால் வாய் அப்படியே.

"இன்னாடா முன்சாமி, உசிரோட கீறியா?"

ஓடின கதையையும், நாளைக் காலை எனக்குத் தெரியாமல் வைக்கப்போகும் டெஸ்ட்டையும் சொன்னேன். சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று.

"அடப்பாவி. வாட்ச்சு வந்துச்சுன்னு ஓடினியா? நான் உன் கால மிதிச்சதெல்லாம் வேஸ்ட்டா?"

"பாவம்னு சொல்ட்டாங்கடா."

"சொல்லட்டுமே. பாவம்னா பாவம். அப்பிடியே குந்திக்க வேண்டியதுதான? கேளு. நாளிக்கு வந்தா செருப்பத் தேடு. செருப்பு தேடறதுலயே பாதி நேரம் போவணும்."

"சரிடா."

"அப்புறம் மூக்கச் சிந்து."

"சரி."

"வந்துடுடா." இதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை.

ஐப்பசி 23, ஞாயிறு

தூறல். கோழி வாங்க செந்தில் போகிற மாதிரி போனான். போகவில்லை, மெயின் பாக்ஸ் பக்கம் நின்றான். ஷீலா மேடத்தின் ஸ்கூட்டி தெருமுனையில், வேப்பமரத்தடியில் மறைத்து. மேலேயிருந்து பார்த்தால் தெரிகிறது.

பீப்.

எழுந்தேன். செருப்பைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில், நேற்றே நானே உள்ளே தள்ளி வைத்தது. குனிந்தேன். ஒன்று கிடைத்தது. மற்றதற்கு மறுபடி குனிந்தேன். ஸ்வெட்டர் பட்டனைப் போட்டேன். மூக்கைச் சிந்தினேன், பால்கனியில் போய். படியில் ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடித்து. நடிக்க வேண்டியிருக்கவில்லை, முட்டி உண்மையாகவே வலித்தது. புதன்கிழமை ஓடினதுதான் நடிப்பு.

நடுப்படியில் நின்றேன். பீப் நீளமாகக் கத்தியது. பிறகு நின்றது. ஃபேன் சத்தம் அடங்கி அடங்கி, ஒன்றுமில்லை.

எனக்கு என்னவோ செய்தது. இத்தனை நாள் தலைமாட்டில் மூச்சு விட்டது.

செந்தில் முகம் தொங்கிப் போயிற்று. "என்னப்பா?"

"வயசாயிடுச்சுடா."

ஷீலா மேடம் மேலே போய்ப் பார்த்தார்கள். நகல் இருந்ததால் சேதமில்லை. இறங்கி வந்து, "பெரிய யூ.பி.எஸ். போட்டே ஆகணும் செந்தில். ஆட்டோ பெட்டியும். ஒரு ஆளை நம்பி இதை ஓட்ட முடியாது" என்றார்கள். என் நெஞ்சு பறந்தது.

போகிற போக்கில் என் பக்கம் குனிந்து, "செருப்பு கட்டிலுக்கு அடியிலதான இருந்துச்சு, ஐயா?" என்றார்கள். நான் தள்ளி வைத்ததை நேற்றே பார்த்திருக்கிறார்கள்.

"கண்ணு சரியாத் தெரியறதில்லம்மா."

கை கூப்பிவிட்டுப் போனார்கள்.

கோழி வந்தது. ருசியாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசி 24, திங்கள்

கட்டிலைக் கீழே இறக்கிவிட்டான்.

காலையில் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "படிதாம்பா பிரச்சன. இறங்கற நேரம்தான் லேட். நீங்க ஜெனரேட்டர் பக்கத்துலயே இருந்துட்டா லேட்டே இல்ல பாருங்க." கேட் பக்கத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்து, பழைய பெயின்ட் டின்களை வெளியே வைத்து, கட்டிலைப் போட்டு, சுவரில் ஒரு மணி. மேலே யூ.பி.எஸ். கத்தினால் கீழே மணி அடிக்கும். ஒரே நாளில் வயர் இழுத்துவிட்டான். கெட்டிக்காரன். சின்ன வயதில் என் டார்ச் லைட்டைப் பிரித்து அதில் ஃபேன் ஓட்டினவன்.

கோபம் வரவில்லை. அவன் முகத்தில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. எனக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷம். "முட்டி வலிக்குதுன்னீங்களே, இனிமே படியே வேணாம். ஏ.சி. குளிரும் இல்ல."

ஷீலா மேடத்துக்குப் போனில் சொன்னான். அவர்கள் என்ன சொன்னார்களோ, இவன், "இல்ல மேடம், கை நீட்டினா ஜெனரேட்டர். பெரிய யூ.பி.எஸ்.க்கு அவசரமில்ல. அந்த செட்டிங்க போட்டுடுங்க" என்றான்.

ரேவதிதான் கேட்டாள். "மாமா என்ன வாட்ச்மேனா?"

"என்ன ரேவதி பேசற. அப்பாவுக்குத்தான் சௌகரியம்."

பாக்கியத்தின் படம் மேலேயே இருக்கிறது. இங்கே ஆணி இல்லை.

ஐப்பசி 25, செவ்வாய்

பெயின்ட் வாசனை. கொசு. கேட்டுக்கு வெளியே போகிறவர்கள் எல்லாரும் ஒரு முறை உள்ளே பார்த்துவிட்டுப் போகிறார்கள். கீரைக்காரி: "இன்னா பெரியவரே, கீழ எறக்கிட்டாங்களா?" ஆமாம், இறக்கிவிட்டார்கள்.

மணி மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் எழுந்தேன். கை நீட்டினால் ஜெனரேட்டர். வாசல் கேட்டும் கை நீட்டினால்தான்.

மேரி போன். "நாளிக்கு டயாலிசிஸ் இல்ல அங்கிள். கொஞ்சம் தெளிவா கீறாரு." அவ்வளவுதான் சொன்னாள்.

ஜெனரேட்டர் பக்கத்திலேயே படுத்திருந்தால் அதைப் பற்றித்தான் யோசனை வருகிறது. கரண்ட் போன பிறகு அதைக் கிளப்ப ஓர் ஆள் வேண்டும். சரி. கரண்ட் இருக்கும்போதே கிளப்பிவிட்டால்? வீட்டையே ஜெனரேட்டர் பக்கம் மாற்றிவிட்டால், வெளியே கரண்ட் போனால் என்ன, வந்தால் என்ன? டேங்க்கில் பெட்ரோல் இருக்கிற வரைக்கும் யாரும் தேவையில்லை.

வெள்ளை வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துவைத்தேன். பூச்சி உருண்டை வாசனை.

ஐப்பசி 26, புதன்

செந்தில் ஏழரைக்கே கிளம்பிப் போனான், குன்றத்தூர்ப் பக்கம் புது லேப். பைக் சத்தம் மறைகிற வரை இருந்தேன். கேனில் இருந்த பெட்ரோலை டேங்க் கழுத்து வரைக்கும் ஊற்றினேன். மேலே ஏறினேன், மெதுவாக. ஏ.சி.யை ஜெனரேட்டர் தாங்காது. அறைக் கதவையும் ஜன்னலையும் திறந்து, டேபிள் ஃபேனை மிஷின் முகத்துக்குத் திருப்பி வைத்தேன். குங்குமம் இருக்கிற இடம்தான் முகம். பாக்கியத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். கீழே வந்து, காக், சோக், கயிறு. சத்தம் சீரானதும் கைப்பிடியைத் தள்ளினேன்.

ரேவதி டிபன் பையோடு வெளியே வந்தாள்.

"கரண்ட் இருக்கே மாமா. எதுக்கு ஜெனரேட்டர்?"

"டெஸ்ட்டும்மா."

என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "டெஸ்ட்டுக்கு வெள்ளை வேட்டியா?"

குடை அக்குளில் இருந்தது.

"டேங்க் எதுவரைக்கும் தாங்கும்?"

"சாயந்திரம் வரைக்கும் வரும்னு நினைக்கிறேன்."

"ஸ்கூல் விட்டதும் நேரா வந்துடறேன். பஸ் ஏறினதும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. அவருக்கு வேணாம், எனக்கு." கேட்டை அவளே திறந்துவிட்டாள்.

வண்டலூர் வரை மழை. கண்டிகையில் பஸ் நின்றுவிட்டது, முன்னால் ஒரு லாரி பள்ளத்தில். நகரவே இல்லை. பக்கத்தில் இருந்த கடைகளில் விளக்கு பொசுக்கென்று போயிற்று. எனக்குப் பழக்க தோஷம், சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன். கண்டக்டர், "எறங்கறியா பெருசு? கேளம்பாக்கத்துக்குதான டிக்கெட் எடுத்த?" என்றான். உட்கார்ந்தேன். டேங்க்கில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்குவது எனக்குத் தெரிகிற மாதிரி இருந்தது.

வந்து சேர்ந்தாயிற்று. மேரி காபி கொடுத்தாள். ஆரோக்கியம் பாதியாகிவிட்டான். கை மட்டும் அதே கை, பிரஸ் கடித்த ஆள்காட்டி விரல். பார்த்ததும், "இன்னாடா வேட்டி, கல்யாணத்துக்கா?" என்றான். நிறையப் பேசினோம். வாட்ச்காரரின் கண்ணாடி பற்றி. வலது காது என்கிறான், நான் இடது என்கிறேன்.

"எம்மா நேரம் இருப்ப?"

"டேங்க்ல இருக்கிற வரைக்கும்." விஷயத்தைச் சொன்னேன்.

"ஃபுல்லா ஊத்தினியா?"

"கழுத்து வரைக்கும்."

கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து இதைப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கை அவன் கைக்குள். வெளியே மறுபடி மழை. தென்னை மட்டை விழுகிற சத்தம். டேங்க் மூடியைச் சரியாகத் திருகினேனா? திருகினேன். ஞாபகம் இருக்கிறது.

இதோ போன் அதிர்கிறது. செந்தில் படம்.

ஆரோக்கியம் கண்ணைத் திறக்கவில்லை. "மெதுவா எட்றா" என்கிறான்.